நாலு பேர் என்ன சொல்வார்கள்? தமிழ்ப் படங்களில் தனித்து நிற்பவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தின் மாடி அறையில் மாதம் ஒரு படம் திரையிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள், சமையலை முடித்துவிட்டு ஓடிவரும் பெண்கள் என்று கலவையான கூட்டம். எந்தப் படம் போட்டாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். ஒருத்தர் தனக்குப் பிடித்தபடி வாழ நினைக்கிறார், வீடும் ஊரும் ஒத்துப்போகச் சொல்கின்றன, அப்புறம் என்ன ஆகிறது? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். படங்களின் முடிவுகளைப் பேசாமல் இதைப் பேச முடியாது. பார்க்காத படம் என்றால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

"தனித்துவம்னா என்னங்க? எல்லாரும் ஒரு பக்கம் போனா நாம எதிர்ப்பக்கம் போறதா?"

இல்லை. எதிர்ப்பக்கம் போகிறவரும் கூட்டம் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் நடக்கிறார். யாரைக் கட்டிக்கொள்வது, கட்டாமலே இருப்பதா, என்ன படிப்பது, எங்கே வேலை பார்ப்பது, இவற்றை அந்த வாழ்க்கையை வாழப்போகிறவரே முடிவு செய்வதைத்தான் இங்கே தனித்துவம் என்கிறேன். அந்த முடிவு ஊரோடு ஒத்துப்போவதாகக்கூட இருக்கலாம். எடுத்தது யார் என்பதுதான் முக்கியம்.

இதன் மறுபக்கமான அழுத்தம் நம் படங்களில் பெரும்பாலும் அரிவாளோடு வருவதில்லை. அப்பாவின் நெஞ்சுவலியாக வரும். அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவதாக வரும். "உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்று தோளில் கை போட்டுக்கொண்டு வரும். அதனால்தான் எதிர்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

"நம்ம படத்துல ஹீரோ எல்லாருமே தனி ஆள்தானே? ஊரே எதிர்த்தாலும் ஒத்தையா நிக்கிறாரே?"

ஒற்றை ஆளாக நிற்கிறார், சரி. எதற்காக நிற்கிறார் என்று பாருங்கள். அம்மா பட்ட அவமானத்துக்காக, தங்கையின் கல்யாணத்துக்காக, அப்பாவின் பெயருக்காக, ஊர்க் கோயிலுக்காக. ஊர் ஏற்கெனவே மதிக்கிறவற்றை ஊரைவிடச் சத்தமாகச் சொல்கிறவர் அவர். நூறு பேரை அடித்துப் போட்டாலும், அம்மா பார்த்து வைத்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார். அடிதடியில் காட்டும் தைரியமும் வாழ்க்கையை முடிவு செய்யும் தைரியமும் வேறு வேறு. நம் பெரிய நாயகர்களிடம் முதலாவது ஏராளம். இரண்டாவதைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் நடுத்தர அளவிலான படங்களுக்குத்தான் போக வேண்டும்.

"ஒரு படம் தனி மனுசன் பக்கமா, ஊர் பக்கமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் இரண்டு கேள்விகளோடு படம் பார்க்கிறேன். ஒன்று, கடைசியில் மாறியது யார், தனித்து நின்றவரா, சுற்றி இருந்தவர்களா? இரண்டு, அந்த மாற்றத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? முதல் பாதியில் பேசப்படும் வீர வசனத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இடைவேளை வரை யாரும் என்ன வேண்டுமானாலும் பேசலாம், அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். படத்தை எடுத்தவரின் மனது இருப்பது கடைசி இருபது நிமிடத்தில்.

இந்த இரண்டு கேள்விகளும் கீழே பல இடங்களில் வரும்.

"சந்தோஷ் சுப்பிரமணியத்துல அந்த அப்பா கெட்டவரா? எனக்கு அவரைப் பார்த்தா எங்க அப்பா மாதிரியே இருக்கு."

பெரும்பாலானவர்கள் இந்தப் படத்திலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். 2006இல் வந்த 'பொம்மரில்லு' என்ற தெலுங்குப் படத்தின் மறுஆக்கமாக 2008இல் வந்தது. ஜெயம் ரவி மகன், பிரகாஷ் ராஜ் அப்பா. மகனுக்கு என்ன உடுப்பு, என்ன வேலை, எந்தப் பெண் என்று எல்லாவற்றையும் அப்பாவே தேர்வு செய்கிறார். வெறுப்பால் செய்யவில்லை. தன் பிள்ளைக்கு எதிலும் சிறந்ததே கிடைக்க வேண்டும் என்ற தவிப்பால் செய்கிறார்.

அதனால் அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்பு இருப்பதாலேயே செய்தது சரியாகிவிடாது. கடைசியில் மகன் இத்தனை வருடம் விழுங்கியதையெல்லாம் கொட்டுகிறான். அந்தக் காட்சியில் எங்கள் அறையில் எப்போதும் ஓர் அமைதி வரும். ஒருமுறை படம் முடிந்த பிறகு ஒரு பெரியவர் யாரிடமும் பேசாமல் நாற்காலிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனார். மகனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், மாறுவது அப்பாதான். அந்த அளவுக்குப் படம் மகன் பக்கம். ஆனால் மகன் அப்பாவின் சம்மதம் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அவன் கேட்கும் சுதந்திரத்தை அப்பா தர வேண்டும். தராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பான் என்ற இடத்துக்குப் படம் போகவே இல்லை.

"ஆம்பளை முறுக்கிக்கிட்டு நின்னா கெத்து, பொம்பளை நின்னா திமிர். இது ஏன்?"

ஒரு பாலிடெக்னிக் மாணவி கேட்டது. வருத்தமான உண்மை. நம் சினிமாவில் 'திமிர் பிடித்த பெண்ணை அடக்கும் கதை' என்று ஒரு தனி வகையே இருக்கிறது. 1972இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' வெற்றிப்படம், சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்தது. படித்து, நகரத்தில் வளர்ந்த மனைவி, கிராமத்துக் கணவனிடம் பணிந்த பிறகுதான் நல்லவளாகிறாள். இருபது வருடம் கழித்து 1992இல் 'மன்னன்'. விஜயசாந்தி பெரிய தொழிலதிபர், ரஜினி அவரிடம் வேலை செய்பவர். முடிவில் அந்தப் பெண் தொழிலை விட்டுவிட்டு வீட்டைக் கவனிக்கும் மனைவியாகிறார். மூன்றாவது பதிலில் சொன்ன முதல் கேள்வியைக் கேளுங்கள். மாறியது யார்? அந்தப் பெண்கள் மட்டும்தான்.

இந்த வகையில் தப்பித்தவள் 'படையப்பா'வின் நீலாம்பரி. 1999இல் ரம்யா கிருஷ்ணன் நடித்தது. அவள் செய்யும் கொடுமைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கடைசி வரை குனியவே இல்லை, எதிரி போடும் உயிர்ப்பிச்சை வேண்டாம் என்று தன்னையே சுட்டுக்கொள்கிறாள். குனியாத பெண்ணுக்கு அந்தக் கதையில் இருந்த ஒரே இடம் வில்லியின் இடம். இத்தனை வருடம் கழித்தும் பெண்கள் கூட்டத்தில் நீலாம்பரி என்று சொன்னால் முகங்கள் மலர்கின்றன. அவளுடைய பழிவாங்கலை அவர்கள் ரசிப்பதாக நான் நினைக்கவில்லை. நிமிர்ந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த ஒரு பெண்ணைத் திரையில் பார்த்த சந்தோஷம் அது.

"'அவள் அப்படித்தான்' அப்போ ஓடவே இல்லையாமே. ஓடாத படத்தைப் பத்தி ஏன் இவ்வளவு பேசறீங்க?"

ஓடாததே இந்தப் பேச்சுக்குள் வருகிற விஷயம் என்பதால். 1978 தீபாவளிக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்குநர் ருத்ரய்யா சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர், இது அவருடைய முதல் படம். வசனத்தில் எழுத்தாளர் வண்ணநிலவனுக்கும் பங்குண்டு. இசை இளையராஜா. கமல், ரஜினி இருவரும் இருக்கிறார்கள், ஆனால் கதை ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சுவுடையது.

மஞ்சு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். ஆண்களால் ஏமாற்றப்பட்டவள், கோபக்காரி, சில சமயம் தன்னிடமே அன்பாக இருப்பவர்களையும் குத்திவிடுபவள். அவளுடைய முதலாளியாக வரும் ரஜினிக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பெண்களைப் பற்றிய மட்டமான பேச்சு. கமல் நடித்த அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வருகிறவன், நல்லவன், முற்போக்காளன். முதலாளி அவளைப் புரிந்துகொள்ள முயல்வதே இல்லை. அருண் முயல்கிறான், ஆனால் அவனுக்கு வசதியான நேரம் வரைதான். கடைசியில் அவன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான். காரில் போகும்போது பெண் விடுதலையைப் பற்றி மஞ்சு அந்தப் புதுப்பெண்ணிடம் கேட்கிறாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. பிறகு மஞ்சு இறங்கிக்கொள்ள, கார் போய்விடுகிறது.

தமிழில் பெண்ணை மையமாக வைத்து வந்த படங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். காரணம், மஞ்சுவை நல்லவளாக்கிக் காட்டி நம் அனுதாபத்தை வாங்க இது முயலவே இல்லை. ஊரோடு ஒத்துப்போகாத பெண்ணை ஏற்க வேண்டுமானால் அவள் தெய்வமாகவோ தியாகியாகவோ இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இவள் இரண்டும் இல்லை, சிக்கலான ஒரு மனுஷி. இவளும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. விலை முழுவதையும் அவளே கொடுக்கிறாள். அன்றைய ரசிகர்கள் அந்தப் படத்தை ஏற்கவில்லை, இன்று கொண்டாடுகிறோம். ருத்ரய்யா அதற்குப் பிறகு 1980இல் 'கிராமத்து அத்தியாயம்' என்ற ஒரு படம் மட்டும் இயக்கினார், 2014இல் காலமானார். தனித்து நின்றதற்குக் கதாபாத்திரம் மட்டும் விலை கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

"மௌன ராகத்துல திவ்யா கடைசியில அந்தப் புருசனோடயே சேர்ந்துடறா. அப்போ அவ தோத்துட்டான்னுதானே அர்த்தம்?"

இதில் எனக்கே இரண்டு மனது உண்டு. மணிரத்னத்தின் 1986ஆம் ஆண்டுப் படம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்து மழையில் ஆடிவிட்டு வேண்டுமென்றே தாமதமாக வீட்டுக்கு வருகிறாள் ரேவதி நடித்த திவ்யா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் கல்யாணத்துக்குத் தலையாட்டுகிறாள். முதல் பதிலில் சொன்ன நெஞ்சுவலி இதுதான். டெல்லிக்குப் போனதும், என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் மனுவே போட முடியாது என்று சட்டம் தடுக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் அந்த விதி இன்றும் இருக்கிறது. அந்த ஒரு வருடம்தான் கதை.

தோல்வி என்று சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டாயக் கல்யாணம் கடைசியில் நல்லதாகவே முடிந்துவிட்டால், பார், பெரியவர்கள் சொன்னது சரிதானே என்று யாரும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லி இந்தப் படத்தையே உதாரணம் காட்டிய ஒரு தாய்மாமாவை எனக்குத் தெரியும்.

ஆனாலும் நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும் திவ்யாவின் கையில் அவள் கேட்ட விவாகரத்துப் பத்திரம் வந்துவிட்டது. கதவு திறந்தாயிற்று. அதன் பிறகு அவள் அதைக் கிழிக்கிறாள். கல்யாணத்தன்று அவள் சொன்ன சம்மதம் அப்பாவின் உடம்புக்காகச் சொன்னது, ரயிலில் சொல்வது அவளுடையது. முதல் பதிலில் சொன்னேனே, முடிவு ஊரோடு ஒத்துப்போவதாகக்கூட இருக்கலாம் என்று, அப்போது என் மனதில் இருந்தது திவ்யாதான். கணவனாக வரும் மோகனையும் சொல்ல வேண்டும். தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்ன பிறகு அந்த ஆள் விலகி நிற்கிறான். அன்றைய தமிழ்ப் படத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

"கூட்டுக் குடும்பத்துல இருந்துகிட்டு நம்ம இஷ்டப்படி வாழ முடியுமா? எந்தப் படமாவது வழி காட்டுதா?"

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்', 1986. அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் பணத் தகராறு முற்றி, வீட்டுக்கு நடுவே கோடு போட்டுவிடுகிறார்கள். மூத்த மருமகள் உமா, லட்சுமி நடித்த பாத்திரம், பொறுமையாக எல்லோரையும் வழிக்குக் கொண்டுவருகிறாள். கோடு அழிகிறது, எல்லோரும் மன்னிப்புக் கேட்டுச் சேரப் போகிறார்கள். அந்த இடத்தில், அதுவரை சேர்த்து வைக்கப் பாடுபட்ட உமாவே, வேண்டாம், நாம் தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு போய் வந்து பிரியமாக இருப்போம் என்கிறாள்.

குடும்பப் படம் என்று பெயர் எடுத்து, தேசிய விருதும் வாங்கிய ஒரு படம், சேர்ந்திருப்பதே புண்ணியம் என்று முடிக்காமல் இப்படி முடித்ததை நினைத்து இன்றும் எனக்கு ஆச்சரியம். அவள் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பிரியம் கெடாமல் இருக்கத்தான் தூரம் கேட்கிறாள்.

"தேவர் மகன்ல லண்டன்ல இருந்து வந்தவன் கடைசியில ஊர்ப் பெரியவர் ஆயிடறான். இது வளர்ச்சியா, மாட்டிக்கிட்டதா?"

மாட்டிக்கொண்டதுதான். அந்தப் படத்தின் பலமே அதை மறைக்காததில் இருக்கிறது.

பரதன் இயக்கி, கமல் எழுதி 1992இல் வந்த படம். ரயிலிலிருந்து காதலியோடு இறங்கும் சக்திக்கு உணவகத் தொழில் தொடங்க வேண்டும், ஊரில் தங்கும் எண்ணமே இல்லை. சிவாஜி நடித்த அப்பா அவனை அதட்டவில்லை. விதை போடுவது நம் வேலை, பழம் சாப்பிடுவது பிறகு வருகிறவர்கள் என்கிற மாதிரி நிதானமாகப் பேசுகிறார். அந்தப் பேச்சு எந்த மிரட்டலைவிடவும் ஆழமாக இறங்குகிறது. பிறகு ஒவ்வொன்றாகப் போகிறது. காதலி போகிறாள், ஊர்ப் பகையால் மாப்பிள்ளை ஓடிப்போன பெண்ணின் மானத்துக்காக அவளைத் தானே மணக்க வேண்டிவருகிறது. அப்பா போன பிறகு அந்த மீசையும் வேட்டியுமாக வந்து நிற்கிறான். திரையரங்கில் விசில் பறந்த காட்சி அது. எனக்கு அது ஒரு மனிதன் தன்னைத் தொலைத்த காட்சியாகத்தான் படுகிறது. கடைசியில், வன்முறை வேண்டாம் என்று சொல்லிவந்தவன் கையாலேயே கொலை நடக்கிறது. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் ரயில் ஏறுகிறான், இந்த முறை சிறைக்கு. வந்த ரயிலுக்கும் போகிற ரயிலுக்கும் நடுவே அவனிடம் மிஞ்சியது என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நிறையப் பேர் அந்த மீசையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 'போற்றிப் பாடடி பொண்ணே' பாட்டு சாதிப் பெருமைப் பாட்டாகவே ஊர் ஊராக ஒலித்தது. படம் எச்சரிக்கையாகச் சொல்ல நினைத்ததைக் கூட்டம் பெருமையாக எடுத்துக்கொண்டது. இதில் படத்துக்கும் பொறுப்பு உண்டு. அந்த மீசையை அத்தனை அழகாகக் காட்டிவிட்டு ரசிக்காதே என்றால் யார் கேட்பார்கள்? அதே படத்தில் வடிவேலு நடித்த இசக்கி, எஜமானுக்காகக் கையை இழந்தும் விசுவாசமாகவே இருப்பவன். அந்த இசக்கியைப் பற்றிய கேள்வியிலிருந்துதான் தன்னுடைய 'மாமன்னன்' பிறந்தது என்று மாரி செல்வராஜ் 2023இல் கமலை மேடையில் வைத்துக்கொண்டே பேசினார். அந்தப் படத்தின் மாமன்னனும் வடிவேலுதான்.

"சாதிப் பிரச்சினை வேற, தனி மனுசன் சுதந்திரம் வேற இல்லையா? ரெண்டையும் ஏன் குழப்பறீங்க?"

நம் ஊரில் இரண்டையும் பிரிக்க முடியாது. யாரைக் கட்டலாம் என்ற கேள்வியில் 'நாலு பேர்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் சொந்த சாதிக்காரர்களைத்தான். 1987இல் 'வேதம் புதிது' படத்தில் ஒரு சிறுவன், பாலு என்பது உங்கள் பெயர், பின்னால் வரும் தேவர் நீங்கள் படித்து வாங்கிய பட்டமா என்று சத்யராஜிடம் கேட்பான். பெயருக்குப் பின்னால் ஊர் ஒட்டி வைத்த வாலை ஒரு குழந்தை இழுத்துப் பார்க்கிற காட்சி.

அழுத்தம் அரிவாளோடு வருவதில்லை என்று முதலில் சொன்னேன், இந்த இடத்தில் அது பொருந்தாது. பாலாஜி சக்திவேலின் 'காதல்', 2004. மதுரையில் வண்டி பழுது பார்க்கும் இளைஞனும் வசதியான வீட்டுப் பள்ளி மாணவியும் சென்னைக்கு ஓடிப்போகிறார்கள். திரும்ப அழைத்து வந்து பிரித்த பிறகு, அவன் சித்தம் கலங்கித் தெருவில் திரிகிறான். 'பரியேறும் பெருமாள்', 2018. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் பரியன் பெரிதாக எதையும் கேட்கவில்லை. படிக்க வேண்டும், மரியாதையாக நடத்தப்பட வேண்டும், ஒரு பெண்ணோடு நட்பாக இருக்க வேண்டும். அதற்கே அடி, அவமானம், உயிருக்கு ஆபத்து. மூன்றாவது பதிலில் சொன்ன கேள்விகளை இங்கே கேட்டால் நெஞ்சு வலிக்கிறது. தன்னைக் கொல்ல ஆள் வைத்த குடும்பத்தின் அப்பாவோடு உட்கார்ந்து பேசுகிறான் பரியன். காலம் எப்படி மாறும் பார்ப்போம் என்கிற மாதிரி அவர் பேச, நீங்கள் நீங்களாகவே இருந்துகொண்டு, நான் மட்டும் நாயாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வரை எதுவும் மாறாது என்று பதில் சொல்கிறான். பிறகு திரையில் இரண்டு தேநீர்க் கிளாஸ்கள், ஒன்றில் பால் தேநீர், ஒன்றில் வெறும் தேநீர், நடுவே ஒரு பூ.

அடிமேல் அடி வாங்கியும் தன் மரியாதையை விட்டுக்கொடுக்காத ஒருவன், மாற வேண்டியது யார் என்று எதிரே உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த இடம், தமிழ் சினிமாவில் நான் பார்த்த பெரிய காட்சிகளில் ஒன்று.

"இதுல பாதி ரீமேக் படம். இதை வெச்சு நம்ம ஊரைப் பத்திப் பேசலாமா?"

பேசலாம். வேறு மொழியிலிருந்து எடுத்து வந்ததை இங்கே இத்தனை பேர் தங்கள் வீட்டுக் கதை என்று நினைத்து அழுதிருந்தால், அந்தக் கதை இங்கேயும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"நண்பன் படத்தைப் பார்த்துட்டு என் பையன் இன்ஜினியரிங்கை விட்டுடறேன்னு நிக்கிறான். இந்த மாதிரி படம் பிள்ளைங்களைக் கெடுக்குதா?"

ஓர் அம்மா கண் கலங்கிக் கேட்டது. 2009இல் வந்த '3 இடியட்ஸ்' இந்திப் படத்தை ஷங்கர் 2012இல் தமிழில் எடுத்தது 'நண்பன்'. அதில் ஸ்ரீகாந்த் நடித்த பையனுக்கு வனவிலங்குகளைப் படம் எடுக்க ஆசை, அப்பாவுக்கு மகன் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசை. அவன் படிப்பை முதல் வருடமே தூக்கி எறியவில்லை. வேலைக்கான நேர்காணலுக்குப் போக வேண்டிய நாளில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுகிறான். அம்மா, உங்கள் பையனிடம் அந்தக் காட்சியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள் என்றேன்.

இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பிடித்ததைச் செய், வெற்றி தானாக வரும் என்கிறது. பிடித்ததைச் செய்தும் வெற்றி வராமல் போகலாம். அப்படிப் போனாலும் அது அவன் வாழ்க்கைதான் என்று சொல்ல இந்தப் படத்துக்குத் துணிச்சல் இல்லை. எல்லோரும் பெரிய ஆளாகிவிடுவதால் அப்பாக்களுக்கும் கேள்வியே மிஞ்சுவதில்லை. ஆனால் அதே படத்தில், நெருக்கடி தாங்காமல் உயிரை விடும் ஒரு மாணவனும் இருக்கிறான். படம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்கள் அவனை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

"அப்போ ஒத்துப்போறவங்க எல்லாம் கோழைங்களா? எங்க அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்தாங்க."

இல்லவே இல்லை. இப்படிக் கேட்டவரிடம் 'அவள் ஒரு தொடர்கதை' பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பாலசந்தர், 1974. சுஜாதா நடித்த கவிதா ஒற்றைச் சம்பளத்தில் ஒரு பெரிய குடும்பத்தைச் சுமக்கிறாள். சிடுசிடுவென்று பேசுவாள், ஏனென்றால் களைத்துப் போயிருக்கிறாள். தனக்கென்று ஒரு வாழ்க்கை கைக்கெட்டும் தூரத்தில் வரும், ஒவ்வொரு முறையும் குடும்பத்துக்காக விட்டுவிடுவாள். முடிவில் மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறாள். அவளைக் கோழை என்று எந்த வாயால் சொல்வது? குற்றம் அவளுடையது இல்லை, அவள் விட்டுக்கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்ட வீட்டுடையது. அந்தத் தியாகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட நாம், வீட்டுக்குப் போய் அதே மாதிரி ஒருத்தி பரிமாற உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுதான் என்னை உறுத்துகிறது.

அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ஒன்று வேண்டும் என்றால் '36 வயதினிலே', 2015. மஞ்சு வாரியர் நடித்த மலையாளப் படத்தின் தமிழ் வடிவம், நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஜோதிகா திரும்பி வந்த படம். வருவாய்த் துறை ஊழியர் வசந்தியைக் கணவனும் மகளும் மட்டம் தட்டிவிட்டு அயர்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். மொட்டை மாடியில் காய்கறி வளர்ப்பதிலிருந்து அவள் மறுபடி ஆரம்பிக்கிறாள். கடைசியில் எல்லாம் கொஞ்சம் சுலபமாகவே கூடிவருகிறது. ஆனால் வயதைச் சொல்லி முடித்துவைக்கப்பட்ட ஒரு பெண், தனக்கு ஒரு காலத்தில் கனவு இருந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளும் இடம் உண்மையானது.

"இவ்வளவு பேசறீங்களே, உங்க வீட்டுல நீங்க எப்படி?"

கேட்டது ஒரு கல்லூரிப் பெண். அன்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், இங்கே சொல்கிறேன்.

என் மகள் கல்யாணம் வேண்டாம் என்றாள். யாரையும் விரும்பவில்லை, யார் மேலும் கோபமும் இல்லை, தனியாக வாழத்தான் பிடித்திருக்கிறது என்றாள். மஞ்சுவைப் பற்றி இத்தனை பேசுகிற நான் அவளோடு மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. அவள் அழைத்தால் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன். திட்டவில்லை, அதட்டவில்லை, பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவளே ஒருநாள், "அம்மா, ஊர்ல யாரும் என்னை ஒண்ணும் கேக்கல, நீதான் கேக்கற" என்றாள். நாலு பேர், நாலு பேர் என்கிறோமே, அதில் முதல் ஆளாக நான் நின்றிருக்கிறேன்.

இப்போது பேசுகிறோம். போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், பொண்ணுக்கு இன்னும் பார்க்கலையா என்று ஒரு பெரியம்மா கேட்டார். "அவளுக்கு வேண்டாமாம் பெரியம்மா, நானும் சரின்னுட்டேன்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். இலைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது கை நடுங்கியது.